இயந்திரப் பக்கவாத்தியமும் எங்கள் தோட்டத்துத் தப்பும்

மலையகத் தமிழர் என்ற தொடரைக் கேட்டவுடன் பெரும்பாலான வாசகர் மனக்கண்ணில் தோன்றுவன நுவரெலியாவும் ஹற்றனும் அவற்றின் பனிமூடிய தேயிலைச் சரிவுகளுமே. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர் மரங்களின் நிழலிலும் தாழ்நிலத் தேயிலையின் புழுக்கத்திலும் வாழும் எம்மவர் அக்காட்சியில் இடம்பெறுவதில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என விரியும் எமது தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகள் போலச் சிதறிக் கிடப்பவை. எமது பேச்சிலும் உணவிலும் மட்டுமன்றி இசையிலும் அச்சிதறலின் தடம் உண்டு. திருவிழா மேடையில் அம்மன் பாடலுக்கு அடுத்துத் திரைப்பாடலும் அதற்கடுத்துப் பைலாவும் ஒலிக்கக் கேட்டு வளர்ந்தவன் நான். இம்மூன்றையும் ஒரே மனிதர் ஒரே கருவியில் வாசிக்கக் கேட்டவனும் ஆவேன். அம்மனிதர் என் தாய்மாமன். அக்கருவி, கீபோட் வாசிப்போர் ‘அரேஞ்சர்’ என வழங்கும் வகையைச் சார்ந்தது. அவ்வகைக் கருவிக்கு இனி என்ன எதிர்காலம் என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ்ச் சங்க மலரில் இதற்கென்ன இடம் என வினவும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

அரேஞ்சர் என்பது யாது? வாசிப்பவர் இடக்கையால் மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்துகிறார். கருவி அச்சேர்க்கை எதுவென ஒரு கணத்தில் உணர்ந்து, அதற்கேற்ற தாளம், பேஸ், கிற்றார், வயலின் கூட்டம் ஆகியவற்றைத் தானே ஒலிக்கத் தொடங்குகிறது. வலக்கை பாடலின் மெட்டை மட்டும் வாசித்தாற் போதும். இடக்கை வேறொரு சேர்க்கைக்கு நகர்ந்தால் பக்கவாத்தியம் முழுவதும் அதனுடன் நகர்கிறது. இவ்வாறு முன்னமே எழுதிச் சேமிக்கப்பட்ட பக்கவாத்திய அமைப்பினை ‘ஸ்டைல்’ என்பர். அதற்குள் ஒரு தொடக்கம், ஒன்றினும் ஒன்று செறிந்த மூன்று நான்கு நடைகள், நடை மாறும்போது இடையே வரும் உருட்டல்கள், ஒரு முடிப்பு என்பன அடங்கியிருக்கும். யமஹா நிறுவனத்தின் ஸ்டைலில் எட்டுத் தடங்கள் உண்டு. இரண்டு தாளத்திற்கு, ஒன்று பேஸுக்கு, எஞ்சிய ஐந்தும் சுரக் கருவிகளுக்கு. ஒவ்வொரு தடமும் ஏதேனும் ஒரு மூலச் சேர்க்கையில் எழுதப்பட்டிருக்கும். வாசிப்பவர் எதனை அழுத்தினாலும் அம்மூலத்தை அதற்கேற்ப இடம்பெயர்த்துத் தரும் விதிகள் கருவிக்குள் எழுதப்பட்டுள்ளன. இதில் மாயமொன்றுமில்லை. நன்கு பழகிய ஒரு பக்கவாத்தியக்காரர் மனத்துள் செய்வதைத்தான் இயந்திரம் விதிகளாகச் செய்கிறது. ஒரேயொரு வேறுபாடு, இயந்திரம் பாடகரின் முகத்தைப் பார்ப்பதில்லை.

‘வேர்க்ஸ்டேஷன்’ என்பது பிறிதொரு வகை. 1988ஆம் ஆண்டில் ஜப்பானின் கோர்க் நிறுவனம் வெளியிட்ட எம் 1 என்ற கருவியால் அவ்வகை உலகெங்கும் பரவியது. பலவகை ஒலிகள், தாளக் கருவிகள், எதிரொலி முதலிய மெருகுகள், அடுக்கடுக்காகப் பதிவு செய்யும் வசதி அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அமைந்தமையால், இசையமைப்பாளர் ஒருவர் தம் அறையில் இருந்தபடியே முழுப் பாடலையும் கட்டியெழுப்ப முடிந்தது. அரேஞ்சர் மேடைக்குரியது, வேர்க்ஸ்டேஷன் அறைக்குரியது. இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சிகள் நிகழாமலில்லை. அதே நிறுவனம் 1993இல் ஐ 3 என்ற கருவியில் வேர்க்ஸ்டேஷனுக்குள் அரேஞ்சரைப் புகுத்தியது. 2001இல் கர்மா என்ற கருவியை வெளியிட்டது. ஸ்டீபன் கே என்பவர் வகுத்த முறையொன்று அதன் உயிராக அமைந்தது. எழுதி வைத்த பக்கவாத்தியத்தைத் திருப்பி ஒலிப்பதற்குப் பதிலாக, வாசிப்பவரின் விரலசைவுக்கேற்பப் புதிய சுரக்கோவைகளைக் கணித்து உருவாக்குவது அம்முறை. 2005இல் ஒயாசிஸ், 2011இல் குரோனோஸ் என அந்நிறுவனத்தின் உயர்ந்த கருவிகளிலெல்லாம் அது இடம்பெற்றது. ஆனால் 2020இல் குரோனோஸின் இடத்தைப் பிடிக்க வந்த நோட்டிலஸ் கருவியில் அதனைக் காணோம். சுரங்களைச் சிதறி ஒலிக்கும் எளிய வசதியும் தாளத் தடமுமே எஞ்சின. 2016இல் வந்த யமஹாவின் மொன்டாஜ் கருவியிலும் ஸ்டைல் கிடையாது. வேர்க்ஸ்டேஷன் தன் வீட்டிலிருந்து அரேஞ்சரை வெளியேற்றிவிட்டது என்றே கொள்ளலாம்.

வெளியேறியது இறந்துவிடவில்லை. தனிக்குடித்தனம் நடத்துகிறது. யமஹா 2002இல் டைரோஸ் என்ற வரிசையைத் தொடங்கி, 2017இல் ஜெனோஸ் ஆகவும் 2023இல் ஜெனோஸ் 2 ஆகவும் வளர்த்துள்ளது. கோர்க் 2022இல் பீஏ 5 எக்ஸ் கருவியை வெளியிட்டது. விலை குறைந்த கருவிகளும் ஆண்டுதோறும் வருகின்றன. எனினும் இசையுலகின் மேல்தட்டினர் அரேஞ்சரைப் பார்க்கும் பார்வை நாம் நன்கறிந்த ஒரு பார்வையே. அது முதியோர் தம் வீட்டுக் கூடத்தில் பொழுதுபோக்க வாசிப்பது, திருமண மண்டபத்தில் ஒலிப்பது, தன் கையால் உழைக்காதவன் கருவி என்றெல்லாம் பேசுவர். கருவிகளுக்குள்ளும் சாதி உண்டு போலும். தப்பைப் பற்றிப் பேச வரும்போது இதனை மீண்டும் நோக்குவோம்.

மாமாவுக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. இறப்பர்ப் பால் வெட்டுவது அவர் தொழில். விடியுமுன் கத்தியுடன் காட்டுக்குள் இறங்கினால் பகலளவில் பாலைச் சேர்த்து ஒப்படைத்துவிட்டு வருவார். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. ஈரவலயத்தில் மழைக்கா பஞ்சம்? ஆகவே மழைநாட்களிற் கைகொடுக்க அவர் கற்றுக்கொண்டது ஆர்மோனியம். பஜனைக் கோஷ்டியிற் பிடித்த பழக்கம் அது. தொண்ணூறுகளில் ஆறு பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு அமைத்தனர். அடுத்த கிராமத்துச் சிங்கள இளைஞர் இருவர் அதில் இருந்தனர். ஒருவர் ட்ரம்ஸ், மற்றவர் பேஸ் கிற்றார். தமிழ்த் திருமணம், சிங்களத் திருமணம், கோயில் திருவிழா, விகாரையின் வெசாக் பந்தல் என அவர்கள் வாசிக்காத இடமில்லை. 1983இன் நினைவு ஆறாத அப்பகுதியில் ஒரே லொறியின் பின்புறத்தில் அந்த ஆறு பேரும் ஒட்டி அமர்ந்து பயணம் செய்தமை, எத்தனையோ சமாதானக் கூட்டங்கள் செய்யாததைச் செய்தது என்பது என் எண்ணம்.

ஈராயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் மாமா கடன்பட்டு ஓர் அரேஞ்சரை வாங்கினார். முதலில் அது குழுவின் கருவிகளில் ஒன்றாகவே இருந்தது. பின்னர் திருமண வீட்டார் கணக்குப் பார்க்கத் தொடங்கினர். ஆறு பேருக்குச் சோறும் கூலியும் லொறி வாடகையும் கொடுப்பதை விட ஒருவருக்கும் ஒரு பாடகிக்கும் கொடுப்பது மலிவு. தபேலாக்காரர் முதலிற் போனார். பின்னர் கிற்றார் இரண்டும். இறுதியாக ட்ரம்ஸ்காரர். அவர் இப்போது அவிசாவளையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். இன்றும் மாமாவைக் கண்டால் நிறுத்தி ஏற்றிக்கொள்வார், கூலி வாங்கமாட்டார். “மச்சான், உங்க மெசின்ல இருக்கிற ட்ரம்ஸ்காரன் சோறு கேக்கிறானா?” என்று தமிழில் ஒருமுறை அவர் கேட்டதும், மாமா சிரிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்கு நினைவுண்டு. என் உயர்தர வகுப்பு டியூசன் கட்டணம் அம்மெசினின் வருமானத்திலிருந்தே வந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இது எமது தோட்டத்துக்கு மட்டும் உரிய கதையன்று. 1982ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரித்தானிய இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, மின்னிசைக் கருவிகளையும் தாள இயந்திரங்களையும் தடை செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தொழிற்சங்கத் தீர்மானங்கள் பலவற்றை நாம் தோட்டத்திலே கண்டவர்கள். அவற்றுள் எவை காகிதத்திலேயே உறங்கும் என்பதையும் அறிந்தவர்கள். அத்தீர்மானமும் அவ்வாறே ஆயிற்று. தடை செய்து ஒரு கருவியை நிறுத்திவிட முடியாது. அதற்குள் யாருடைய தாளம் இருக்கிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. நான் சொல்ல வந்த விடயமும் அதுவே.

தயாரிப்பாளர் எந்நாட்டுக்கு விற்க எண்ணுகின்றனரோ அந்நாட்டுத் தாளத்தையே கருவிக்குள் வைக்கின்றனர். அரபு நாடுகளுக்கென யமஹா ‘பிஎஸ்ஆர்–ஏ’ வரிசையைத் தந்தது. அவ்விசையின் கால் சுரங்களை இசைக்கும் வசதியும் அவர்தம் தாளங்களும் அதில் உண்டு. இந்தியாவுக்கென ‘பிஎஸ்ஆர்–ஐ’ வரிசை வந்தது. தபேலாவும் டோலக்கும் அதில் ஒலிக்கும். கசியோவும் இந்தியாவுக்கெனத் தனிக் கருவிகள் செய்கிறது. ஐரோப்பியருக்கு வால்ற்சும் போல்காவும் உண்டு. இவற்றுள் எதிலும் தப்பு இல்லை. எமது பைலாவுக்கு ஓரளவு ஒத்த ஆறெட்டு நடை கிடைக்கும். எம்மவர் அதனைத் திருத்தி, தாமே செய்த ஸ்டைல்களைப் பென்டிரைவில் கைமாற்றிக்கொள்வர். காமன் கூத்துக்கு வேண்டிய தப்பின் அடியை யார் செய்து தருவார்?

காமன் கூத்தைப் பற்றி இம்மலரின் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மாசி மாதத்தில் காமன் நட்டு, பதினைந்து நாட்களளவில் மன்மதன் எரியும்வரை நிகழும் அக்கூத்தில், ரதி மதன் ஆட்டமாயினும் வீரபத்திரன் வரவாயினும் எமன் வரவாயினும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி உண்டு. ஆட்டக்காரன் அடியைக் கேட்டே காலை எடுத்து வைக்கிறான். தப்பின் வாழ்வு கூத்தோடு முடிவதன்று. பிரட்டுக்குத் தொழிலாளரை அழைத்ததும் தப்பே. சாமி ஊர்வலத்தின் முன்னே சென்றதும் தப்பே. பிணத்தின் முன்னே சென்றதும் தப்பே. சி. வி. வேலுப்பிள்ளை எம் மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்ததால் சொற்களிற் சில பிழைத்தன. அடிகளை அவ்வாறு எழுதி வைத்தவர் எங்கள் பக்கத்தில் எவருமிலர்.

எங்கள் தோட்டத்தில் அடி அறிந்தவர் கடைசியில் ஒரே ஒரு முதியவராக எஞ்சினார். நாங்கள் அவரைத் தாத்தா என்போம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் அவருடைய அண்ணன்மார் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் எஞ்சிய உறவினரிற் சிலர் வவுனியாப் பக்கம் போயினர். ஒரு தப்புக் கூட்டம் என்பது ஒருவரால் ஆவதன்று. பலர் சேர்ந்தாற்றான் அடியும் எதிரடியும் அமையும். ஆட்கள் கலைந்தபோது அடிகளும் கலைந்தன. எஞ்சியோரின் பிள்ளைகளோ தப்பைத் தொட மறுத்தனர். அம்மறுப்பை நான் குறைகூறமாட்டேன். தப்படித்தவனைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தி, பந்தியில் கடைசியாக உட்காரவைத்து, அவன் அடியில்லாமல் மட்டும் சாமியும் நகராது பிணமும் நகராது என்று இருந்த ஊர் எமது ஊர். அவ்வாறு நடத்தப்பட்டவனின் பேரன் குச்சியை எறிந்துவிட்டுக் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போனால், கலை அழிகிறதே எனப் புலம்பும் உரிமை எவருக்கு உண்டு? தமிழ்நாட்டில் பறை இன்று வேறொரு பொருள் பெற்றுவிட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அதனைத் தம் உரிமைக் குரலாக ஒலிக்கின்றனர். 2025இல் மதுரையின் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. அக்காற்று எங்கள் இறப்பர்க் காட்டை எட்டுமுன் தாத்தாவின் கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன.

மாமாவே ஒருநாள் கீபோட்டைத் தூக்கிக்கொண்டு தாத்தாவின் லயத்துக் காம்பிராவுக்குப் போனார். உடன் நானும் போனேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். சாதிக் கணக்கின்படி எங்கள் வீட்டார் அவ்வாசலிற் கால் வைப்பது வழக்கமில்லை. பாட்டி ஒருவாரம் முணுமுணுத்தாள். மாமா அதனைக் காதில் வாங்கவில்லை. தாத்தா முதலில் பெட்டியைப் பார்த்து, “இதுக்குத் தீ காட்டணுமா?” என்று கேட்டார். தப்பின் தோலைத் தீயிற் காட்டி விறைப்பேற்றிய பின்னரே அடிப்பர். இதற்கு மின்சாரம் காட்டினாற் போதும் என்றார் மாமா. தாத்தா நெடுநேரம் சிரித்தார்.

அடுத்து நடந்தது பல மழைநாட்களின் வேலை. தாத்தா அடிக்க, மாமா கேட்டு, கருவியின் தாளத் தடத்தில் ஒவ்வோர் அடியாக எழுதினார். தப்பின் ஒலி கருவியில் இல்லை. நீண்ட மெல்லிய குச்சியின் கூர்மையான சத்தத்துக்கு டிம்பாலேயின் விளிம்பொலியையும், குட்டைக் குச்சியின் கனத்த அடிக்கு டொம் டொம் ஒன்றின் சுருதி தாழ்த்திய ஒலியையும் தெரிந்தெடுத்தார். தாத்தா தலையை ஆட்டி ஆட்டி மறுத்து, இறுதியில் ஒன்றை ஒப்புக்கொண்டார். அடுத்த இடர் காலப்பிரமாணம். இயந்திரம் தொடங்கிய வேகத்திலேயே முடிவுவரை செல்லும். தப்போ ஆட்டம் சூடேறச் சூடேறத் தானும் விரையும்; அவ்விரைவு படிப்படியாகவன்றி அலையலையாக ஏறும். மாமா நான்கு நடைகளையும் நான்கு சூடுகளாக எழுதி, வேகத்தைக் கையால் ஏற்றப் பழகினார். அது தப்பாகிவிடவில்லை. ஆனால் தப்பை அறிந்தவன் கேட்டால் அடையாளம் கண்டுகொள்வான்.

சுரத்திலும் ஓர் இடர் இருந்தது. எமது நாட்டார் மெட்டுக்கள் தனிக்குரலின் மெட்டுக்கள். அவற்றின் கீழே மேனாட்டுச் சுரச்சேர்க்கை எதுவும் இல்லை. அரேஞ்சரோ சேர்க்கையைக் கேளாமல் அசையாது. மூன்று சுரம் அழுத்தினால் அது மேஜர் என்றோ மைனர் என்றோ தீர்மானித்து, மெட்டுக்கு இல்லாத மகிழ்ச்சியையோ சோகத்தையோ சேர்த்துவிடும். ரதியின் புலம்பலை மைனரில் வைத்தால் அது திரைப்படச் சோகப் பாட்டாகிவிடுகிறது. மாமா கண்ட வழி எளியது. இடக்கையில் நடுச்சுரத்தை விட்டுவிட்டு, ஆதார சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் அழுத்தினார். பல அரேஞ்சர்கள் அதனையும் ஒரு சேர்க்கையாக ஏற்று, மேஜரோ மைனரோ என்ற தீர்ப்பை விலக்கி ஒலிக்கும். ஏறத்தாழத் தம்புராவின் சுருதிபோல் அது அமைந்துவிட்டது. அவர் சங்கீத சாத்திரம் படித்தவரல்லர். பால் பிசுபிசுக்கும் விரல்களால் இரண்டு கட்டைகளை அழுத்தி, ஒரு நூற்றாண்டு காலம் ஆர்மோனியம் பற்றி நம் வித்துவான்கள் நடத்திய விவாதத்தின் ஓர் ஓரத்தை அவர் தீர்த்துவைத்தார் என்று நான் எண்ணுவதுண்டு.

அடுத்த மாசியில் கூத்துக்கு ஆள் போதவில்லை. நான்கைந்து தப்புக்கு இரண்டே இருந்தன. ஒலிபெருக்கியின் வழியே மாமாவின் ஸ்டைல் ஓட, அதன்மீது தாத்தாவும் மற்றொருவரும் அடித்தனர். அன்றிரவு தாத்தாவின் பேரன், துணிக்கடை விடுமுறையில் வந்திருந்தவன், மாமாவுக்குப் பக்கத்தில் நின்று கீபோட்டின் கட்டைகளில் விரலால் அதே அடியை அடித்தான். குச்சியைத் தொட மறுத்தவன் கட்டையைத் தொட்டான். கீபோட்டில் அடித்தால் யாரும் அவனைப் பந்தியில் கடைசியில் உட்கார வைக்கமாட்டார்கள். இயந்திரம் அவ்வடியிலிருந்து சாதியைக் கழற்றி வைத்துவிட்டது. இதனை நன்மை என்பதா? அடியை உருவாக்கியவரின் பெயரையும் அது சேர்த்தே கழற்றிவிட்டதே என வருந்துவதா? நான் பலமுறை எண்ணிப் பார்த்தும் ஒரு முடிவுக்கு வந்தேனில்லை. பேரனைக் கேட்டபோது, “கை வலிக்கல்லண்ணே” என்பதே அவன் விடை.

தாத்தா 2021இல் காலமானார். பெருந்தொற்றுக் காலமாதலால் தப்பு ஒலிக்கவில்லை, ஊர்வலமும் இல்லை.

இனி எதிர்காலம் பற்றிய கேள்விக்கு வருவோம். அறிந்தோர் சொல்வன மூன்று. முதலாவது, பக்கவாத்தியம் இனிமேல் எழுதப்பட்ட சுரங்களாக இல்லாமல் ஒலிப்பதிவாகவே கருவிக்குள் வரும் என்பது. யமஹாவின் டைரோஸ் 5 (2013) முதலியவற்றில் வந்த ‘ஓடியோ ஸ்டைல்’ அவ்வகையினது; இத்தாலியின் கெட்ரோன் நிறுவனமும் உண்மையான ட்ரம்ஸ் கலைஞரின் பதிவுகளைப் பயன்படுத்துகிறது. கேட்க இனிமை, ஐயமில்லை. இரண்டாவது, இவ்வசதியனைத்தும் கணினிக்கோ கைப்பேசிக்கோ இடம்பெயரும், பெட்டி வெறும் கட்டைகளாக மட்டும் எஞ்சும் என்பது. மூன்றாவது, கட்டளையிட்டால் முழுப் பாடலையே ஆக்கித்தரும் செயற்கை அறிவு வந்துவிட்டமையால் ஸ்டைல் என்ற ஒன்றே தேவையற்றுப் போகும் என்பது.

இரண்டாவதைப் பற்றி ஒரு சொல். கணினி இசை எங்கள் விடுதி அறைக்குப் பொருந்தும். எட்டியாந்தோட்டைக்கு மேலே, ஜெனரேட்டர் இருமுறை நின்று மும்முறை ஓடும் கோயில் மேடையில், தூறல் நடுவே, அடுத்த பாட்டு எதுவென்று பாடகியே அறியாத நிலையில், சொடுக்கியவுடன் எழுந்து நிற்கும் பெட்டியே வேண்டும். மேடைக்காரருக்கென அரேஞ்சர் இன்னும் விற்கப்படுவதற்குக் காரணம் இதுவே. மூன்றாவதைப் பற்றி நான் அதிகம் அஞ்சவில்லை. செயற்கை அறிவு தனக்கு ஊட்டப்பட்டதையே திருப்பித் தரும். ஊட்டப்படாத அடியை அது எங்கிருந்து பெறும்?

முதலாவதே என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. எழுதப்பட்ட சுரங்களாலான ஸ்டைலைத் திறந்து, ஓர் அடியை நீக்கி, வேறோர் அடியை வைக்க ஒரு பால்வெட்டுத் தொழிலாளியால் முடிந்தது. கணினி தேவைப்படவில்லை, ஆங்கிலமும் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஒலிப்பதிவாக வரும் ஸ்டைலைக் கேட்கலாம்; விரைவுபடுத்தலாம்; அதனுள்ளே கை வைத்து ஓரடியை மாற்ற இயலாது. எங்கோ ஒரு கலையகத்தில், எவருக்கோ ஊதியம் கொடுத்துப் பதியப்பட்ட தாளமே முடிவான தாளமாகிவிடும். உயர்ந்த கருவிகள் அவ்வழியிற் போகப் போக, ‘பயனாளர் தாமே ஸ்டைல் ஆக்கும் வசதி’ என்பது கையேட்டின் இறுதிப் பக்கங்களுக்குத் தள்ளப்பட்டு, ஒருநாள் காணாமற் போகலாம். வேர்க்ஸ்டேஷனிலிருந்து கர்மா போனதைப் போன்று. அவ்விலக்கத்தை அறிந்து குரல் கொடுக்க அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இசைஞர் இருந்தனர். எங்கள் பக்கத்துக்குரல் எந்நிறுவனத்தின் செவியை எட்டும்? தென் மாகாணத்து யக்பெரவும் மட்டக்களப்பின் கூத்து மத்தளமும் இதே வரிசையில் நிற்கின்றன என்பதையும் மறத்தலாகாது.

மற்றோர் இடர், ஒரு நிறுவனத்தின் ஸ்டைலைப் பிறிதொரு நிறுவனத்தின் கருவி நேரே ஏற்காது என்பது. மாற்றித்தரும் மென்பொருள்கள் உண்டு. மாற்றத்தில் ஒலிகள் இடம் மாறிவிடும். ஆகவே மாமாவின் பழைய பெட்டியில் உள்ள தாத்தாவின் ஏழு அடிகளும், அப்பெட்டியின் ஆயுளோடு பிணைக்கப்பட்டவை. அதன் திரை பாதி மங்கிவிட்டது. இரண்டு கட்டைகள் எழுவதில்லை. 2022இல் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, புதிய கருவி என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. பாணுக்கே வழியில்லாத காலம் அது.

நான் செய்யக்கூடியதாகத் தோன்றியது ஒன்றே. கடந்த விடுமுறையில் அந்த ஏழு அடிகளையும் மிடி என்னும் பொதுவடிவில் பிரித்தெடுத்தேன். 1983இல் பல நிறுவனங்களும் கருவிகளின் உரையாடலுக்கென ஒப்புக்கொண்ட முறை அது. நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் நிலைத்து நிற்கிறது. ஒவ்வொன்றின் பெயரையும், அது கூத்தின் எவ்விடத்துக்குரியது என்பதையும், யார் அடித்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்தேன். தாத்தாவின் முழுப்பெயர் அவருடைய பேரனுக்கே தெரியவில்லை. தோட்டத்துப் பழைய செக்ரோல் பதிவிலிருந்து அதனைக் கண்டுபிடித்துத் தந்தவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர்.

மாமா என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “அதெல்லாம் சரி மருமகனே, மாசிக்கு நான் எதில வாசிக்கிறது?” என்றார். நியாயமான கேள்வி. சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. இருவரும் பென்டிரைவுடன் பஸ்ஸேறி நகரத்துக் கடையொன்றுக்குப் போனோம். பழைய பெட்டியைச் செய்த அதே நிறுவனத்தின் புதிய கருவியொன்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரப் பையன் எங்கள் உடையைப் பார்த்துச் சற்றுத் தயங்கியே அதனை இயக்கினான். கோப்பு திறந்தது. முதலாம் நடையும் இரண்டாம் நடையும் பிழையின்றி ஒலித்தன. மூன்றாம் நடையில் குட்டைக் குச்சியின் அடி விழவேண்டிய இடத்தில் ஏதோ மணியொலி கேட்டது. பையன், “பழைய ஸ்டைல்தானே அங்கிள், இதுக்குள்ளயே புதுசு நானூறு இருக்கு” என்றான். மாமா அவனிடம் ஒரு கதிரை கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டொம் டொம் ஒலியைத் தேடத் தொடங்கினார்.